வலப்புறம் யாருமில்லை

விசாரணை பதினொன்றே காலுக்கு. பூபதியும் அவன் தங்கை கிருத்திகாவும் ஈரோட்டிலிருந்து முதல் வண்டியைப் பிடித்துக் கோயம்புத்தூர் வந்திருந்தார்கள். சாலைத் தீர்ப்பாயத்தின் வராந்தாவில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. கிருத்திகா அதில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தவள், குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வழக்கை நடத்தும் ஹஸீனா வக்கீல் வந்தார். கிருத்திகாவிடம், சாப்பிட்டாளா, பாப்பாவை யாரிடம் விட்டு வந்தாள் என்று விசாரித்தார். பக்கத்து வீட்டில் விட்டிருப்பதாக அவள் சொன்னாள். பிறகு பூபதியை மட்டும் டீ குடிக்கக் கூப்பிட்டார்.

டீக்கடை சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்தது. இரண்டு டீ வந்தது. ஹஸீனா தன் டம்ளரைத் தொடவில்லை. அறுபதைத் தாண்டியவர். கறுப்புக் கோட்டின் கைகள் வெளுத்திருந்தன.

"கடைசியா ஒரு தடவை கேட்டுக்கறேன். மனசு மாறலையே?"

"மாறலீங்க."

"தங்கச்சிக்குத் தெரியாதே?"

"தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். அவங்களையும் கூண்டுல ஏத்துவாங்க. ஒரு கேள்வி கேட்டா அவங்க மூஞ்சியே சொல்லிரும்." அவர் சாலையைப் பார்த்தார். "அன்னிக்கி என்ன நடந்துச்சுன்னு நான் உங்ககிட்டக் கேக்கவே இல்லை. நீங்களும் சொல்லலை. சரிதானே?"

சரி என்று பூபதி தலையாட்டினான்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். கிருத்திகாவின் கணவன் மௌலீஸ்வரன் செத்த அன்று அவன் கையில் பட்டை ஏன் இல்லை?

பட்டை என்பது மணிக்கட்டில் கட்டும் மெல்லிய ரப்பர் வார். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் சாலைக்கு வந்தபோது கூடவே வந்தது. வீட்டுக்கு வீடு இருந்த காரும் பைக்கும் அதற்குப் பிறகு சில வருஷங்களில் திரும்பப் பெறப்பட்டன. எல்லோருக்கும் பேட்டரி வண்டி, எல்லோருக்கும் ஒரே பயணச் சலுகை; அது இருந்தால்தான் வண்டியில் ஏறலாம். புகை போயிற்று. காளிங்கராயன் வாய்க்கால் ஓரம் நிற்கும் மரங்களின் இலை பச்சையாகத் தெரிந்தது. பூபதியின் அப்பாவைப் பெருந்துறைச் சாலையில் கொன்றது, தூங்கிப்போன ஓட்டுநர் ஒருவன் ஓட்டிய லாரி. அதனால் புதிய வண்டிகளை முதலில் வரவேற்றவர்களில் பூபதியும் ஒருவன். சாலையில் சாவு என்பதே அபூர்வமாகிவிட்டது என்று அவன் வேலை பார்க்கும் மஞ்சள் மண்டியில் பலமுறை வாதாடியிருக்கிறான்.

ஆரம்பத்தில் வண்டிகள் கேமராவைக் கொண்டுதான் ஆட்களைக் கண்டுகொண்டன. கேமராவிடம் பேதம் இருந்தது. கறுத்தவர்களையும், மூட்டை சுமந்து குனிந்து நடப்பவர்களையும் அது பல சமயம் ஆள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வழக்கு நடந்தது. கேமராவை நம்பி உயிரைத் தீர்மானிக்கக் கூடாது, பட்டை ஒன்றே கணக்கு என்று சட்டம் வந்தது. பட்டைக்கு நிறம் இல்லை. அந்த வழக்கில் இளம் வக்கீலாக வேலை பார்த்தவர் ஹஸீனா.

"சட்டம் வந்த அன்னிக்கி இதே கடைலதான் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தோம்" என்றார் அவர். டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

பட்டை தோலோடு ஒட்டியிருந்தால்தான், இங்கே ஓர் ஆள் என்று வண்டிகளிடம் பேசும். கழற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் சேர்ந்தால் பயணச் சலுகை குறையும். அதனால் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆற்றில் குளிக்க இறங்குகிறவன் தன் பட்டையைக் கரையில் இருப்பவன் கையில் மாட்டிவிட்டு இறங்குவான். பிரசவ அறைக்குள் போகிறவளின் பட்டையை அவள் அம்மா கட்டிக்கொள்வாள். எழவு வீட்டில் கொள்ளி வைக்கிறவன் மழித்துக் குளித்து ஈர வேட்டியோடு நிற்கும்போது, உடம்பில் மோதிரமோ வாட்சோ எதுவும் இருக்கக் கூடாது. அவன் பட்டையை மச்சான் கட்டிக்கொள்வான். கோடி எடுத்து வருவதுபோல அதுவும் மச்சான் செய்யும் முறை என்றாகிவிட்டது. கூட்டத்தின் நடுவே நடப்பவனுக்குக் கூட்டத்தின் பட்டைகளே போதும். இது தப்பு என்று சட்டத்தில் இருந்தது. யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

மௌலியின் அப்பா இறந்த அன்று, நாவிதர் மழித்து முடித்ததும் மௌலி தானாகவே பட்டையைக் கழற்றினான். பூபதி கையை நீட்டினான். மௌலியே கட்டிவிட்டான். பூபதிக்கு நாற்பத்து நான்கு வயது. ஜாதகம் போகாத ஊர் இல்லை, பெண் அமையவில்லை. மௌலி அதை வைத்து அவனைக் கிண்டல் செய்யாத நாளும் இல்லை.

"மண்டில எல்லாரும் ஒத்தைக்கட்டைன்னு சிரிக்கறாங்கல்ல? இன்னிக்கி நீ ரெட்டை ஆளு மச்சா" என்று காதோரம் சொன்னான் மௌலி. அப்பாவைக் கிடத்தியிருந்த வாசலில் நின்றுகொண்டு இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். பெண்கள் எல்லாம் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஊர்வலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு இறங்கும் சரிவை அடைந்தபோது பறைக்காரர்கள் தோல் தொய்ந்துவிட்டது என்று நின்றார்கள். வைக்கோல் பற்றவைத்துப் பறையைக் காய்ச்சினார்கள். பாடையும் நின்றது. கொள்ளிச்சட்டியோடு நிற்கக் கூடாது என்று யாரோ பெரியவர் சொல்ல, மௌலி மெதுவாக முன்னே நடந்தான். பூபதி துணைக்குப் போனான். சட்டியிலிருந்து வந்த புகை கண்ணில் பட்டது. சாலையின் ஓரமாக ஒதுங்கித் துண்டால் துடைத்தான். மௌலி மறுபக்கமாக நடந்துகொண்டிருந்தான். தலை மொட்டை, இடுப்பில் ஈர வேட்டி, முகத்துக்கு முன்னால் புகை.

எதிரே இருந்த மேட்டிலிருந்து இறங்கி வந்த பேருந்தில் பயணிகள் இல்லை. சரிவில் அதன் பிரேக் பிடிக்கவில்லை. அது சத்தம் போடவில்லை. நேராகப் பூபதியை நோக்கி வந்தது, பிறகு விலகியது. அவனைப் பார்த்துவிட்டு விலகியதாகவே அவனுக்குத் தோன்றியது.

அப்பாவுக்கும் மகனுக்கும் மறுநாள் ஒன்றாகச் சிதை அடுக்கினார்கள். அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, ஆஸ்பத்திரியிலிருந்து பூபதி தங்கை வீட்டுக்குப் போனான். அவன் வாசலில் கால் வைத்ததும் கிருத்திகாவின் போன் ஒலித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். "மௌலீஸ்வரன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்" என்று இருந்தது. பூபதி அப்போதுதான் தன் கையைக் கவனித்தான்.

சாலைத்துறை நோட்டீஸ் அனுப்பியது. பட்டையில்லாமல் சாலையில் இறங்கியவர் அறிவிக்காத நபர். அவர் செத்தாலும் தப்பு அவருடையது. அவர் வீட்டாரின் பயணச் சலுகை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தப்படும். ஊரார் பயந்து பட்டையோடு இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி.

கிருத்திகாவின் மகள் இனியாவுக்கு ஒன்பது வயது. அவள் உடம்பில் ரத்தம் தங்குவதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூரில் ஏற்றியாக வேண்டும். வேறு வண்டி எங்கும் கிடையாது. ஆம்புலன்ஸ், ஆள் விழுந்தால்தான் வரும். கோயம்புத்தூருக்கே குடிபோகலாம் என்றால் வீடு மாற்றவும் அந்தச் சலுகைதான் வேண்டும். கிருத்திகா அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து மோர்கூடக் கொடுத்தார்.

வழி ஒன்றுதான் என்று ஹஸீனா வக்கீல் பூபதியிடம் தனியாகச் சொன்னார். பட்டையை அவனாகக் கழற்றவில்லை, அவனுக்குத் தெரியாமல் வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்றால் செத்தவன்மேல் தப்பில்லை. அந்த வேறொருவர் இருக்க வேண்டும்.

பூபதி யோசிக்க ஒரு ராத்திரிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

நடுவருக்கு இருமல். மேசையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. முதலில் கிருத்திகாவைக் கேட்டார்கள். அன்று பட்டையை யார் எடுத்தது என்று தனக்குத் தெரியாது, பெண்கள் உள்ளே இருந்தோம் என்றாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டாள்.

பூபதி ஏறினான். ஹஸீனா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பட்டையை அவர் உங்ககிட்டக் குடுத்தாரா?"

"இல்லீங்க. நானா கழட்டிக்கிட்டனுங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தலைல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க. அவரு கண்ணை மூடியிருந்தாரு."

கிருத்திகா தலையை நிமிர்த்தினாள். பூபதி நடுவரின் பிளாஸ்கைப் பார்த்தான்.

வண்டி நிறுவனத்தின் வக்கீல் சின்ன வயதுக்காரர். அவர் எழுந்து முதலில் கிருத்திகாவின் பக்கம் திரும்பி, நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார். அது நடிப்பாகத் தெரியவில்லை. பிறகு சுவரில் ஒரு படத்தைப் போட்டார். அன்று வண்டி கண்ட சாலை. இடது ஓரத்தில் ஒன்றையொன்று ஒட்டி இரண்டு வெள்ளைப் புள்ளிகள். தூரத்தில் புள்ளிகளின் கூட்டம். வலப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அதற்குப் பக்கத்தில் 'புகை' என்று எழுதியிருந்தது. அடியில் இரண்டு வரி: இடப்புறம் இருவர். வலப்புறம் யாருமில்லை.

இரண்டு உயிரைக் காப்பாற்ற வெற்றிடத்துக்குள் போனது, அதற்குத் தெரிந்தவரை அது சரியானதையே செய்தது என்றார் வக்கீல். பிரேக்கைப் பற்றி நடுவர் கேட்டார். தேய்மானம் சட்டம் அனுமதிக்கும் வரம்புக்குள்தான் இருந்தது என்று ஒரு சான்றிதழைக் கொடுத்தார். பிறகு, இன்னொரு படம் காட்ட அனுமதி வேண்டும் என்றார். பட்டை அதன் சொந்தக்காரர் கையிலேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற படம்.

அதே சாலை. இடப்பக்கம் ஒரு புள்ளி. வலப்பக்கம் ஒரு புள்ளி.

"ஒண்ணுக்கு ஒண்ணு. வண்டி எப்படிங்க முடிவு பண்ணும்?" என்றார் நடுவர்.

"ரெண்டு பக்கமும் சமமா வந்தா, யாரை நம்பி அதிகம் பேர் இருக்காங்களோ அவங்களைக் காப்பாத்தணும். சட்டத்துலயே இருக்குதுங்க ஐயா. மௌலீஸ்வரனை நம்பி மனைவி, நோயாளிக் குழந்தை, வயசான அம்மா. இவரை நம்பி..." வக்கீல் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "யாருமில்லை."

படத்தில் இடப்பக்கப் புள்ளி அணைந்தது. வலப்பக்கப் புள்ளி சரிவில் இறங்கி ஆற்றை நோக்கி நகர்ந்தது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் அதை நிறுத்த மறந்துவிட்டார் போலிருந்தது. புள்ளி சுடுகாட்டு வாசல்வரை போய் நின்றது.

பூபதி கூண்டின் கட்டைமேல் இருந்த தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

"இந்த விதி உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

தெரியாதவர் யார்? பட்டை வாங்கும்போது படித்துக் காட்டித்தான் கொடுப்பார்கள். பூபதிக்குக் கொடுத்த குமாஸ்தா, சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்குங்க, ரோட்டுல நல்லது என்று சிரித்தது அவனுக்கு நினைவிருந்தது. அந்தக் கதையை மௌலியிடம் சொல்லி அவனும் சிரித்திருக்கிறான். ஹஸீனா பக்கம் பார்த்தான். அவர் காகிதத்திலிருந்து தலை எடுக்கவில்லை. இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது புரிந்தது.

"தெரியுமுங்க" என்றான்.

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வாசித்தார்கள். மௌலீஸ்வரன்மேல் குற்றமில்லை. அவர் வீட்டாரின் பயணச் சலுகை தொடரும். வண்டிமீதும் குற்றமில்லை. பிறர் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு சாவுக்குக் காரணமான பூபதியின் பட்டை நாளைக் காலையில் பறிமுதல் செய்யப்படும். இரண்டு வருஷம் அவன் சாலையில் கால் வைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பாதுகாப்புக்காக, அதே இரண்டு வருஷம் அவர்களோடு நேரிலோ போனிலோ அவன் தொடர்பு கொள்ளக் கூடாது. இந்த உத்தரவு உடனே அமலுக்கு வருகிறது. இருவரும் ஊர் திரும்ப ஒரே வண்டிதான் இருப்பதால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் விலக்கு.

பாதுகாப்பு உத்தரவைப் பற்றி ஹஸீனா அவனிடம் சொல்லியிருக்கவில்லை. வழக்கமாக இப்படிப் போடுவதில்லை என்றார். போட்டுவிட்டார்கள். கிருத்திகா வெளியே போய்விட்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு வண்டி கெடைச்சிருச்சு. அதை மட்டும் நினைங்க" என்றார்.

"சரிங்க."

"இன்னொண்ணு. மேல்முறையீட்டுக்குச் சாலைத்துறைக்கு ஒரு மாசம் டைம் இருக்கு. பொய்ச்சாட்சின்னு ஒரு சொல்லு கெடைச்சாலும் பாப்பாவோட பயணம் போயிரும். வண்டிக்குள்ள பேசறது எல்லாம் பதிவாகும், தெரியுமில்ல? கண்ணு காட்டினாக்கூடப் பதிவாகும். வாயைத் திறக்காதீங்க."

அவர் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். இனிமேல் எந்த வண்டி யாரை அடித்தாலும் இன்றைய தீர்ப்பை எடுத்து நீட்டுவார்கள் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு இன்னொரு வழக்குக்காக மாடி ஏறினார்.

நிறுத்தத்தில் கிருத்திகா முன்னால் நின்றிருந்தாள். இடையில் மூன்று நான்கு பேர் நின்றார்கள். உத்தரவின்படி பூபதி வண்டிக்கு வெளியே அவளருகில் போகக் கூடாது. போனால் இரண்டு பட்டைகளும் அலறும். அவன் தள்ளியே நின்றான்.

வண்டி வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். இனியாவோடு வரும்போதும் இந்த வரிசையில்தான் உட்கார்வார்கள். ரத்தம் ஏற்றிய பிறகு இனியாவுக்குக் கன்னம் சிவந்துவிடும். அவன் மடியில் தலையும் அம்மா மடியில் காலுமாகத் தூங்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது அவன் வேலை. இனிக் கிருத்திகாதான் தூக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண் கனம்.

கூரையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். பயணிகளின் நலனுக்காக என்று அதன் கீழே எழுதியிருந்தது.

அவிநாசி தாண்டியது. சாலையின் இருபுறமும் புதிதாக நட்ட புங்க மரங்கள். வெயில் சாய்ந்திருந்தது. பூபதி தன் இடது மணிக்கட்டைத் தேய்த்தான். பட்டை கட்டிய இடத்துக்கு மேலே, அன்று இன்னொன்று இருந்த இடத்தில், இப்போது ஒன்றும் இல்லை. அன்று இரவே அதைப் போலீஸ் வாங்கிக்கொண்டு போயிருந்தது.

அந்தப் புள்ளி அணைந்தது அவனுக்கு மறுபடி மறுபடி தெரிந்தது. மௌலி கழற்றாமல் இருந்திருந்தால் இந்த இருக்கையில் மௌலி இருந்திருப்பான். கிருத்திகா அண்ணனுக்கு அழுது முடித்திருப்பாள். இனியாவுக்கு அப்பா இருந்திருப்பான். எப்படிப் பார்த்தாலும் அதுதான் நல்ல கணக்கு. வண்டி போட்ட கணக்கில் தப்பில்லை என்று அவனுக்கே பட்டது. அப்படிப் பட்டதும் ஜன்னலில் தெரிந்த தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது.

பெருந்துறையில் அப்பா செத்த வளைவு வந்தது. அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். அவன் போட்டுக்கொண்டான். அவள் கை மடியிலேயே கிடந்தது.

"கண்ணை மூடியிருந்தாருன்னு சொன்னயே" என்றாள் அவள், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவன் கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தலைல தண்ணி ஊத்தறப்ப அவரு கண்ணை மூட மாட்டாருண்ணா. மூச்சு முட்டுதும்பாரு. கல்யாணத்தன்னிக்கு நலுங்குக்கு ஊத்தறப்பகூட முழிச்சுக்கிட்டேதான் இருந்தாரு. நீதான் சிரிச்ச."

அது உண்மை. பூபதி அதை மறந்திருந்தான். மேலே பார்க்கக் கூடாது என்று நினைத்தும் கண் பச்சை விளக்குக்குப் போயிற்று. அவளும் தன்னோடு சேர்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினான். அவள் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பார்வையைச் சந்திக்க முடியாமல் அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டதாக அவள் எடுத்துக்கொண்டது அவனுக்குத் தெரிந்தது.

"அந்த விதி தெரியும்னயே."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஈரோட்டுக்குள் வண்டி நுழைந்தது. அவளுடைய நிறுத்தம் முதலில் வரும். அவனுடையது அதற்கு அடுத்தது. அவள் நிறுத்தத்தின் பெயரை வண்டி ஒரு பெண் குரலில் சொன்னது. கவனமாக இறங்கவும், பட்டை கையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும் என்றது. கிருத்திகா பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். எழுந்து, அவன் முழங்காலைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் இறங்காமல் திரும்பினாள். கதவு அவளுக்காகத் திறந்தே இருந்தது.

"அவரா குடுத்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணா. நீ சொன்னா நான் நம்பிக்கறேன்."